‘கலைக்கவா?’ என்று கேட்ட நெல் மிஷின்

எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று என்னைத் தவிர எல்லோரும் நம்பிய காலம் ஒன்று இருந்தது. நானும் அதை மறுக்கவில்லை. கல்யாணமாகி வந்த புதிதில், புகுந்த வீட்டில் நம்மைப் பற்றி உலவும் நல்ல வதந்தியை யாராவது மறுப்பார்களா? நான் படித்தது திண்டிவனத்தில், பி.ஏ. தமிழ். வந்த முதல் வாரத்தில் மிக்ஸியோடு வந்த ஆங்கிலக் கையேட்டைப் பார்த்து, எந்தக் கிண்ணத்தில் எதை அரைக்க வேண்டும் என்று மாமியாருக்குச் சொன்னேன். (படம் போட்டிருந்தது.) அன்றிலிருந்து வங்கிக் கடிதம், மாத்திரை அட்டை, கேஸ் புத்தகம் எல்லாம் என்னிடம்தான் வரும். நான் சற்று நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு, ‘ஒண்ணும் பிரச்சினை இல்ல’ என்பேன். பெரும்பாலும் பிரச்சினை இருந்ததில்லை.

செஞ்சியில் எங்கள் வீடு திருவண்ணாமலை ரோட்டில் இருக்கிறது. கீழே என் மச்சாண்டாரின் பட்டறை. மச்சாண்டார் என்றால் என் கணவர் ஏழுமலையின் அண்ணன். பெயர் சம்பத்து. எடை மிஷின்களைப் பழுது பார்ப்பது தொழில். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதற்கு நேரம் ஒதுக்க மறந்துவிட்டார். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அந்தப் பத்தும் நெல் மிஷினைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

அந்த மிஷின் அவருடைய இரண்டு வருடத் தவம். மேலே ஒரு தொட்டி. அதில் நெல்லைக் கொட்டிவிட்டால், கீழே மாட்டியிருக்கும் சாக்கில் அதுவே விழுந்து, சரியான எடை வந்ததும் அதுவே நின்றுவிடும். யாரும் கை வைக்க வேண்டாம், யாரும் ஏமாற்றவும் முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அது பேசும்.

‘படிக்கத் தெரியாதவன் திரைல எழுத்து வந்தா இன்னாம்மா பண்ணுவான்? மிஷினே வாயத் தொறந்து சொல்லணும்’ என்றார் ஒருநாள், தன் பத்து வார்த்தைகளையும் ஒரே மூச்சில் செலவழித்து. பிறகு ஒரு தாளை நீட்டினார். மிஷினுக்காக வாங்கிய கன்ட்ரோல் போர்டோடு வந்த முப்பது சொச்சம் ஆங்கில வரிகள். ‘தேவிம்மா, இத்த தமிழ்ல எழுதி, நீயே பேசிக் குடுத்துடு. உன் குரலு ரேடியோல வர்ற மாதிரி இருக்குது.’

ஒரு பெண்ணைப் பார்த்து இப்படிச் சொன்ன பிறகு அவள் ஆங்கிலம் தெரியாது என்று சொல்வாள் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இந்த இடத்தில் இன்னொரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். அப்போது எனக்கு இரண்டு மாதம் முடிந்து பத்து நாள். அது யாருக்கும் தெரியாது. கணவருக்குக்கூடத் தெரியாது. மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தில், என்னை யாரும் அடையாளம் கண்டுகொள்ள முடியாத நெரிசலில், ஒரு மெடிக்கலில் அட்டை வாங்கிவந்து பார்த்தேன். இரண்டு கோடு. அட்டையைத் துணியில் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டு, மூன்று மாதம் தாண்டட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

காரணம் இருந்தது. முந்தின வருடமும் இப்படித்தான் இரண்டு கோடு வந்தது. அன்றைக்கே எல்லோரிடமும் சொன்னோம். ஏழுமலை தெருவுக்கே லட்டு கொடுத்தார். மூன்றாம் மாதம் நிற்கவில்லை. சொன்ன சேதியை ஒவ்வொரு வீடாகப் போய்த் திரும்ப வாங்க வேண்டியிருந்தது. போதாக்குறைக்கு, ஆஸ்பத்திரிச் சீட்டில் டாக்டர் ‘அபார்ஷன்’ என்று எழுதியிருந்தார். மருத்துவத்தில் தானாகப் போனாலும் அதே சொல்தானாம். எனக்கு அது தெரியாது. சீட்டை வாங்கிப் படித்த என் கணவரின் சித்திக்கும் தெரியாது. அடுப்படியில் என்னை ஓரம் கட்டி, தணிந்த குரலில் கேட்டார்.

‘அபார்ஷன்னு போட்டிருக்குதே. தானா கலைஞ்சுதா, நீயா கலைச்சியா?’

தமிழ் படித்தவளுக்கு இதைவிடக் கொடுமையான இலக்கண வினா யாரும் கேட்டிருக்க முடியாது. கலைந்தது தன்வினை. கலைத்தது பிறவினை. நடுவில் ஒரு ‘ந்’ போய் ஒரு ‘த்’ வருகிறது. அவ்வளவுதான் வித்தியாசம். அந்த ஒற்றெழுத்தில் நான் குற்றவாளியாவதும் ஆகாததும் தொங்கிக்கொண்டிருந்தது. ‘கலைஞ்சுது’ என்றேன். அவர் நம்பினாரா என்பது வேறு விஷயம். ஆனால் அன்றிலிருந்து ‘அபார்ட்’ என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு என் அகராதியில் ஒரே ஒரு பொருள்தான்.

சரி, தாளுக்கு வருவோம்.

மாடியில் ஒரு சின்ன அறை. ஜன்னலைத் திறந்தால் நேரே ராணிக்கோட்டை மலை. யாரோ பாறைகளை மூட்டை மூட்டையாகக் கொட்டிவிட்டு மறந்துபோன மாதிரி இருக்கும். அந்த வாரங்களில் நான் முழுதாக விழித்திருந்தேன் என்பதற்குச் சாட்சி கிடையாது. உட்கார்ந்தால் தூக்கம், நின்றால் தூக்கம், தோசையைத் திருப்பிப் போடுவதற்குள் ஒரு குட்டிக் கனவு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தாளோடு அந்த அறையில் உட்காருவேன். பாறைகள் மெல்ல மூச்சு விடும். மலை உச்சி மண்டபத்தைச் சுற்றி ஒரு வெள்ளை மேகம் வந்து நிற்கும். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, யாரும் தொடாமல், அது கலைந்துபோகும்.

‘வணக்கம். மூட்டையை மாட்டவும்.’ எழுதிவிட்டேன். ‘எடை சரியாக உள்ளது. மூட்டையை எடுக்கவும்.’ அதையும் எழுதிவிட்டேன். பதினேழாவது வரியில் அந்தச் சொல் தனியாக நின்றது. அபார்ட், அதற்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி. பக்கத்தில் ஆம், இல்லை.

நெல் மிஷினுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று எந்தப் பெண்ணுக்கும் தோன்றியிருக்க வேண்டும். எனக்கும் தோன்றியது. ஆனால் தூக்கத்தில் மூளை தனக்கென்று ஒரு நியாயம் வைத்திருக்கும். வல்லத்தில் என் பிறந்த வீட்டில், கதிர் வெளியே வருவதற்கு முன் பயிரின் தண்டு பருத்து நிற்பதைப் பார்த்து நைனா ‘சூல் கட்டியிருக்குது’ என்பார். அந்த நாட்களில் வயலில் சத்தமாகப் பேசக்கூட மாட்டார். நெல் சூல் கொள்ளும் என்றால், கலையவும் செய்யும்தானே. இன்ஜினியர்கள் எல்லாம் தெரிந்துதான் போட்டிருப்பார்கள்.

பேனாவைப் பிடித்தபடி அந்தத் தமிழ்ச் சொல்லையே நினைத்துக்கொண்டிருந்தேன். மேகம் கலைகிறது. தூக்கம் கலைகிறது. தலைமுடி கலைகிறது. போலீஸ்காரர் கூட்டத்தைக் கலைக்கிறார். தோற்கப் போகிறவன் ‘ஆட்டத்தக் கலைச்சிடு’ என்று சீட்டை வீசுகிறான். கூத்தாடி விடிந்ததும் வேஷத்தைக் கலைத்துவிட்டு டீ குடிக்கிறார். சேர்ந்திருந்தது பிரிந்தால் கலைதல். சேர்ந்திருக்க வேண்டிய நேரம் இன்னும் பாக்கி இருக்கும்போது ஒருவர் பிரித்துவிட்டால் கலைத்தல். இந்தக் கண்டுபிடிப்பில் மனம் நிறைந்து அப்படியே தூங்கிவிட்டேன். எழுந்து பார்த்தபோது தாளில் என் கையெழுத்தில் இருந்தது: ‘கருவைக் கலைக்கவா? ஆம் என்றால் ஒன்றை அழுத்தவும். இல்லை என்றால் இரண்டை அழுத்தவும்.’

அன்றைக்கே போர்வையைத் தலைவரை மூடிக்கொண்டு (லாரிச் சத்தம் விழக்கூடாதே) செல்போனில் பேசிப் பதிவு செய்தேன். மற்ற வரிகளை நாலைந்து முறை பேசி, பிடித்ததை வைத்துக்கொண்டேன். பதினேழாவதை மட்டும் ஒரே தடவை. இரண்டாம் தடவை பேச வாய் வரவில்லை. அதனால் குரல் தணிந்து, இழைந்து, யாரையோ தாலாட்டுவது போல விழுந்தது. அத்தனை பதிவுகளிலும் அதுதான் மிகவும் இனிமையாக அமைந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

மச்சாண்டார் அவற்றைத் தனித்தனியாகக் கேட்காமல் அப்படியே மிஷினில் ஏற்றி நான்கு நாள் சோதித்தார். மிஷின் ஒருமுறைகூடத் தவறவில்லை. அதனால் அதைப் பாதியில் நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அவர் அழுத்தவே இல்லை.

தை மாதம். சம்பா அறுவடை முடிந்து, வல்லம் போகும் வழியில் உள்ள ஒரு அரிசி மில் களம் முழுக்க நெல் குவிந்திருந்தது. நாற்பது விவசாயிகள் காத்திருந்தார்கள். மில்லுக்காரர் மச்சாண்டாரிடம் சொல்லியிருந்தார்: ‘இவங்க எல்லார் முன்னாடியும் ஓட்டிக் காட்டு. அவங்களுக்குப் பிடிச்சா என் மூணு மில்லுக்கும் உன் மிஷினுதான்.’ மச்சாண்டார் அன்று தலை வாரியிருந்தார். அதை வைத்தே விஷயத்தின் தீவிரம் எனக்குப் புரிந்தது. ஏதாவது கெட்டுப்போனால் மாற்றுவதற்கு ஒரு உதிரிபாகம் வேண்டும் என்று என் கணவரைக் காலை பஸ்ஸிலேயே திண்டிவனத்துக்கு அனுப்பியிருந்தார். நான் குரலின் சொந்தக்காரி என்ற முறையில் முன்வரிசையில் நின்றேன், பட்டுப்புடவையில்.

முதல் சாக்கை மாட்டியவர் சிங்கவரத்துப் பச்சையம்மா. ஐம்பது வயது இருக்கும். தன் வயலைத் தானே உழுது தானே விற்க வருகிறவர்.

‘வணக்கம். மூட்டையை மாட்டவும்’ என்றது மிஷின்.

களமே சிலிர்த்தது. ‘யாரு குரலு இது?’ என்று ஒருவர் கேட்க, ‘அதோ, சம்பத்து தம்பி பொண்டாட்டி’ என்று இன்னொருவர் சொல்ல, நாற்பது தலைகள் என் பக்கம் திரும்பின. நான் தரையைப் பார்த்து வெட்கப்பட்டேன். மழை போன்ற சத்தத்தோடு நெல் விழுந்தது, எடை வந்ததும் நின்றது. ‘எடை சரியாக உள்ளது.’ மில்லுக்காரர் தன் தராசில் வைத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. இரண்டு, மூன்று. களத்தில் வெயில் பொன்னாக இறங்க, என் குரல் நெல்லோடு நெல்லாகக் கொட்ட, நான் அரைத்தூக்கத்தில் மிதந்துகொண்டிருந்தேன்.

நான்காவது சாக்கின் அடி கிழிந்திருந்தது.

‘சாக்கு ஓட்டையா இருக்குது, நிறுத்து நிறுத்து’ என்றார் பச்சையம்மா.

மச்சாண்டாருக்கு மகிழ்ச்சிதான். பாதியில் நிறுத்தும் வசதியைக் காட்ட வாய்ப்பு. எல்லோரும் பார்க்கும்படி விரலை உயர்த்திச் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். என் குரல், இதுவரை இல்லாத கனிவோடு, களம் முழுக்கக் கேட்டது.

‘கருவைக் கலைக்கவா? ஆம் என்றால் ஒன்றை அழுத்தவும். இல்லை என்றால் இரண்டை அழுத்தவும்.’

எனக்குத் தூக்கம் கலைந்தது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பிழைத்திருப்பேன். ஆண்கள் அவரவர் காலை அவரவர் பார்த்தார்கள். ஒருவர் துண்டை உதறி மறுபடி தோளில் போட்டார். மிஷின் பொறுமையாகப் பத்து நொடி காத்திருந்து மறுபடி கேட்டது. பதில் வரும்வரை கேட்கும்படிதான் மச்சாண்டார் அதைச் செய்திருந்தார்.

‘இன்னா சம்பத்து, இது நெல்லு மிஷினா, ஆஸ்பத்திரி மிஷினா?’ என்றார் மில்லுக்காரர்.

அந்த மிஷினில் ஒரு சிக்கல் இருந்தது. தொட்டியின் கதவு ‘ஆம்’ என்று சொன்னால்தான் மூடும். அதுவரை நெல் மெல்ல விழுந்துகொண்டே இருக்கும். விழுந்த நெல் கிழிந்த சாக்கு வழியாகத் தரையில் பரவியது. மச்சாண்டார் பாய்ந்துபோய் இரண்டு கையாலும் கதவை அடைத்துக்கொண்டார். அவர் கை இனி வேறு எதற்கும் உதவாது.

‘அண்ணே, ஒன்ன அமுக்குங்க. நின்னுடும்’ என்றார் மில்லுக்காரரிடம்.

‘நானா? எம் மருமவ ஊட்ல முழுகாம இருக்குது. நான் எப்படிப்பா ஆமான்னு அமுக்குவேன்?’

‘அண்ணே, அது வெறும் பொத்தானு.’

‘வெறும் பொத்தான்னா நீ வேற எதுனா கேக்க வெச்சிருக்கலாம்ல?’

பக்கத்தில் நின்ற மூட்டை தூக்குபவர் நல்ல மனிதர். பெண் பாவம் பொல்லாதது என்று நினைத்திருக்க வேண்டும், ஓடிப்போய் இரண்டை அழுத்தினார். ‘நன்றி’ என்றது என் குரல். கதவு முழுக்கத் திறந்துகொண்டது. நெல் அருவியாகக் கொட்டி மச்சாண்டாரின் முழங்கால்வரை ஏறியது. அவர் மறுபடி சிவப்பை அழுத்தச் சொன்னார். மறுபடி கேள்வி வந்தது. இன்னொருவர் இரண்டை அழுத்தினார். மறுபடி அருவி.

‘கரண்ட்ட நிறுத்துங்கய்யா’ என்று யாரோ மெயினை இறக்கினார்கள். குரல் நின்றது, நெல் நிற்கவில்லை. கதவை மூட மோட்டார் ஓட வேண்டுமே. வேறு வழியில்லாமல் மெயினைப் போட்டார்கள். கரண்ட் போய் வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும் என்பது மச்சாண்டார் அடிக்கடி பெருமையாகச் சொல்லும் அம்சம். அது தொடர்ந்தது. ‘கருவைக் கலைக்கவா?’

‘தேவிம்மா’ என்று கூப்பிட்டார் மச்சாண்டார், இடுப்புவரை நெல்லில் நின்றபடி. ‘நீ வந்து ஒன்ன அமுக்கும்மா.’

நான் போனேன். பட்டுப்புடவை நெல்லில் புதைய, பொத்தானுக்கு நேரே விரலைக் கொண்டுபோனேன். அதன் பிறகு நடந்தது எனக்கு இன்றும் கனவு மாதிரிதான் நினைவிருக்கிறது. சத்தமெல்லாம் எங்கோ தூரத்தில் கேட்டது. வெயிலில் உமித்தூசி எழுந்து பொன்னிறமாக மிதந்தது. அதற்கு நடுவிலிருந்து என் குரல், நான் அப்போது வயிற்றுக்குள்ளிருப்பதிடம் பேசுவதற்கென்று மனதில் எடுத்து வைத்திருந்த அதே குரல், என்னையே பார்த்துக் கேட்டது. ஆம் என்றால் ஒன்றை அழுத்தவும்.

விரல் போகவில்லை. வெறும் பொத்தான் என்று தெரியும். பி.ஏ. படித்தவள், கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியவள். (தலைப்பு: மூடநம்பிக்கை ஒழிப்பு.) ஆனால் விரல் எந்தப் போட்டியிலும் கலந்துகொண்டதில்லை.

‘மாமா, என்னால முடியாது.’

‘ஏம்மா?’

‘எனக்கு ரெண்டு மாசம்.’

மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் மிஷின் ‘அழுத்தவும்’ என்று முடித்துவிட்டு அடுத்த முறை கேட்பதற்குமுன் விடும் பத்து நொடி இடைவெளி அது. நாற்பது பேருக்கும் தெளிவாகக் கேட்டது. மச்சாண்டாரின் கை நழுவியது. நெல் கொட்டியது.

‘தள்ளிக்கோ கண்ணு’ என்று என் தோளைப் பிடித்து நகர்த்தினார் பச்சையம்மா. ‘நான் பெத்தது நாலு, போனது ரெண்டு. எனக்கு இன்னா பயம்?’ ஒன்றை அழுத்தினார். ஏதோ கொசுவை நசுக்குகிற மாதிரி.

மோட்டார் ஓடியது. கதவு மூடியது. நெல் நின்றது. அப்பாடா என்று நாற்பது பேரும் மூச்சு விட்ட அமைதியில் மிஷின் கடைசியாக ஒன்று சொன்னது. பாதியில் நிறுத்தும்போது மட்டும், ‘டெலிவரி கேட்’ மூடிவிட்டது என்று அறிவிக்க ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்திருக்கிறது. அதையும் நான்தான் மொழிபெயர்த்திருந்தேன்.

‘பிரசவ வாசல் அடைக்கப்பட்டது. நன்றி.’

இந்த முறை சிரித்தார்கள். மில்லுக்காரர் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். மச்சாண்டார் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நெல் குவியலில் நின்றபடி சத்தமே வராமல் தோள் குலுங்கியது.

நான் அழ ஆரம்பித்தேன். பச்சையம்மா என்னைக் களத்தின் ஓரமாக நிழலில் உட்கார வைத்து, தன் தூக்கிலிருந்து நீராகாரம் கொடுத்தார். முந்தின வருடக் கதையை, சித்தி கேட்ட கேள்வியை, ஏன் என்று தெரியவில்லை, அவரிடம் முழுக்கச் சொன்னேன். அவர் என் சேலையில் ஒட்டியிருந்த நெல்லை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே காதுகொடுத்துக் கேட்டார்.

‘எனக்குப் போன ரெண்டுல ஒண்ணு தானா கலைஞ்சுது. ஒண்ணு நானே கலைச்சேன், அப்ப நெலம அப்படி. ரெண்டுக்கும்தான் அழுதேன்’ என்றார். ‘அவ கேட்டா உனக்கின்னா. குடி.’

குடித்தேன்.

இந்த நேரத்தில் என் கணவர் திண்டிவனத்திலிருந்து திரும்பி, உதிரிபாகப் பெட்டியோடு செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கியிருந்தார். களத்தில் நடந்தது அவருக்கு முன்பே பைக்கில் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டது. டீக்கடைக்காரர் அவரைப் பார்த்ததும் கையைப் பிடித்துக் குலுக்கினாராம்.

‘ஏழுமல, ரொம்ப சந்தோஷம்பா. இப்பதான் சொன்னாங்க.’

மிஷின் வெற்றி என்று என் கணவர் நினைத்துக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அடக்கத்தோடு சொன்னார்:

‘நான் இன்னாண்ணே பண்ணேன். எல்லாம் எங்கண்ணன் போட்ட உழைப்பு. ரெண்டு வருஷமா ராப்பகலா பாடுபட்டாரு. நான் கூடமாட நின்னு உதவி பண்ணேன், அவ்ளோதான்.’

டீக்கடைக்காரர் கையை விட்டுவிட்டார். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் குடிப்பதை நிறுத்தினார்கள். என் கணவர் மேலும் அடக்கமானார்.

‘எத்தினியோ தடவ தோத்துப்போச்சு. எங்கண்ணன் மனசு தளரலயே.’

‘தம்பி’ என்றார் ஒரு பெரியவர், நிதானமாக. ‘உன் பொண்டாட்டிக்கு ரெண்டு மாசமாம்பா. நாங்க அதச் சொல்றோம்.’

அவர் எப்படி வீடு வந்து சேர்ந்தார் என்று அவருக்கே தெரியாது. மாடி அறையில் நான் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தேன். கண் விழித்தபோது பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அறையில் வெயில் தணிந்து மலை கருநீலமாகியிருந்தது.

‘மிஷினுகிட்ட சொல்லியிருக்க’ என்றார். ‘எங்கிட்ட சொல்லலியே.’

‘பயமா இருந்துது.’

‘எனக்கும்தான் பயமா இருந்திருக்கும். ரெண்டு பேரும் சேந்து பயந்திருக்கலாம்ல.’

அதற்குப் பிறகு நாங்கள் சேர்ந்தே பயந்தோம். நன்றாகத்தான் இருந்தது.

மறுவாரம் மச்சாண்டார் அதே தாளோடு வந்தார். திட்டவில்லை. ‘அது கெடக்குது. இப்ப இதுக்கு இன்னாதான் அர்த்தம்?’ என்று மட்டும் கேட்டார். முதல்முறையாக எனக்கு ஆங்கிலம் தெரியாது என்று அந்த வீட்டில் ஒருவரிடம் சொன்னேன். ‘எனக்கும் தெரியாதும்மா’ என்றார். இருவரும் கிளை நூலகத்துக்குப் போய், தலையணை பருமனுள்ள ஆங்கில அகராதியை இறக்கினோம்.

அந்த வினைச்சொல்லுக்குப் பல பொருள் இருந்தது. கருச்சிதைவு ஒன்று. ராக்கெட் கிளம்புவதற்கு முன்போ பறக்கும்போதோ கைவிடுவது ஒன்று. கணினி செய்துகொண்டிருக்கும் வேலையை முடியும் முன்பே நிறுத்துவது ஒன்று. மிஷின் கேட்டது அதைத்தான். அடியில் பொடி எழுத்தில் சொல்லின் பிறப்பைக் கொடுத்திருந்தார்கள். லத்தீனிலிருந்து வந்ததாம். வேர்ச்சொல்லுக்கு ‘உதித்தல்’ என்று பொருளாம். கிழக்குத் திசைக்கான சொல்லும் அதே வேரில் பிறந்ததாம். அதன்முன் ஒரு சின்ன எழுத்துக்கூட்டம் ஒட்டிக்கொண்டால், உதிக்க வேண்டியது வழியிலேயே மறைந்துபோகிறது. அதில் ‘தானாகவா, நீயாகவா’ என்ற கேள்வியே இல்லை. இரண்டு விதமாகவும் அந்தச் சொல்லை வைத்துக்கொள்ளலாம் என்று போட்டிருந்தது. நான் அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதிய டாக்டர் மேல் ஒரு வருடமாக இருந்த கோபம் அங்கேயே போய்விட்டது.

தமிழில் என்ன போடுவது என்பதுதான் பெரிய விவாதமானது. ‘இடைநிறுத்தவா’ என்றேன். யாருக்கும் புரியாது என்றார் மச்சாண்டார். ‘கைவிடவா’ என்றேன். அது யாரையோ நடுத்தெருவில் விட்டுப்போகிற மாதிரி இருக்கிறது என்றார் ஏழுமலை. கடைசியில் பச்சையம்மாவிடமே கேட்டோம். ‘ஏன், நிறுத்தட்டுமான்னு கேட்டா அது கோச்சுக்குமா?’ என்றார் அவர். ‘நிறுத்தட்டுமா?’ என்று போர்வைக்குள் போய்ப் பேசிக் கொடுத்தேன். மில்லுக்காரர் மூன்று மில்லுக்கு என்றதை ஒன்றாகக் குறைத்து ஒரு மிஷினை வாங்கிக்கொண்டார். மற்ற இரண்டுக்கு மறு அறுவடையில் வந்தார்.

ஆவணியில் மகள் பிறந்தாள். ‘உதயா’ என்று பெயர் வைக்க எனக்கு ஆசை. நடக்கவில்லை. மேல்மலையனூர் அங்காள பரமேஸ்வரிக்கு வேண்டிக்கொண்டதால்தான் குழந்தை தங்கியது, அம்மன் பெயர்தான் வைக்க வேண்டும் என்றார்கள். வேண்டிக்கொண்டது யார் என்று விசாரித்தால், களத்திலிருந்த நாற்பது பேரில் பாதிப் பேர் நான்தான் நான்தான் என்றார்கள். பரமேஸ்வரி என்று வைத்தோம்.

என் கணவர் டீக்கடையில் பேசிய பேச்சு அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தின் அசையாச் சொத்து. வளைகாப்பில் அதைச் சொன்னார்கள். காதுகுத்தில் சொன்னார்கள். குழந்தை நன்றாக இருக்கிறாள் என்று விருந்தாளி யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், மாமியார் முதற்கொண்டு எல்லோரும் என் கணவரைப் பார்ப்பார்கள். அவர் எழுந்து வெளியே போய்விடுவார். மச்சாண்டார் தட்டைப் பார்த்துக் குனிந்துகொள்வார், தோள் மட்டும் குலுங்கும். சித்திகூட அந்தக் கதையைக் கேட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறார். அந்தச் சிரிப்புக்கு நடுவில் ‘அன்னிக்கு உன்ன அப்படிக் கேட்டிருக்கக் கூடாது’ என்று சொன்னதாக ஞாபகம். சிரிப்புச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. கேட்டதாகவே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

பரமேஸ்வரி இப்போது ஏழாவது படிக்கிறாள். போன மாதம் பள்ளி ஆண்டு விழாவில் நீளம் தாண்டுதலில் முதல் பரிசு வாங்கினாள். குடும்பத்தோடு போய் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தோம். கோப்பையைக் கொடுத்த சிறப்பு விருந்தினர், மைக்கை அவள் பக்கம் நீட்டி, ‘இந்த வெற்றிக்குக் காரணம் யாரும்மா?’ என்று கேட்டார்.

வீட்டில் தன்னை யார் பாராட்டினாலும் எல்லோரும் சொல்லிச் சிரிக்கிற வரி ஒன்றுதான் அந்தக் குழந்தைக்குத் தெரியும். ஏன் சிரிக்கிறார்கள் என்று நாங்கள் சொன்னதில்லை. அவள் மைக்கைப் பிடித்து, தெளிவாக, என்னைவிட நல்ல குரலில் சொன்னாள்:

‘எல்லாம் எங்க பெரியப்பா போட்ட உழைப்பு. எங்கப்பா கூடமாட நின்னு உதவி பண்ணாரு.’

அரங்கம் கை தட்டியது. செஞ்சிக்காரர்கள் மட்டும் தட்டவில்லை, அவர்களால் முடியவில்லை. என் கணவர் நாற்காலிக்கு அடியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். செருப்பு அவர் காலில்தான் இருந்தது.